‘நான்கில் ஒன்று’ என்பது ஒதுக்கீடு அல்ல

சென்ற மாதம் எங்கள் ரத்தமேற்றும் வார்டுக்கு ஒரு தம்பதி இரண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். மூத்தவனுக்கு ஐந்து வயது, பீட்டா தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தசோகை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போகிறவன்; எந்தக் கையில் நரம்பு சுலபமாகக் கிடைக்கும் என்று நர்ஸுக்கே காட்டிக்கொடுப்பான். இந்த முறை அம்மாவின் இடுப்பில் இருந்த எட்டு மாதத் தங்கையின் உள்ளங்கையும் வெளுத்திருந்தது. வயிற்றில் கை வைத்தால் மண்ணீரல் இரண்டு விரற்கடை இறங்கித் தட்டுப்பட்டது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. தந்தைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. “நான்கில் ஒன்றுக்குத்தானே வரும் என்றார்கள் டாக்டர்? அதுதான் மூத்தவனுக்கு வந்துவிட்டதே?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அவர் மீது கோபமில்லை. ‘நான்கில் ஒன்று’ என்பதை வராண்டாவில் நின்றபடி அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்ட என் தொழில்காரர்கள் மீதுதான் கோபம். அந்தப் பெண் இரண்டாவது கர்ப்பத்தில் ஒரு மாதம் தவறாமல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூத்த பிள்ளைக்கு என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. ‘ஒன்று வந்தாகிவிட்டது, இனி மூன்றுக்குக் கவலையில்லை’ என்ற நிம்மதியில் இருந்திருக்கிறார்கள்.

எனவே இதை மட்டும் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

பீட்டா குளோபின் என்ற புரதத்தைச் செய்வதற்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் நம்மிடம் இரண்டு உண்டு. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்றில் மரபணு பழுதாகியிருந்தாலும் மற்றது ஒப்பேற்றிவிடும். அப்படி ஒப்பேற்றிக்கொண்டு நன்றாக நடமாடுகிறவர்தான் கேரியர், அதாவது தலசீமியா மைனர். கணவனும் மனைவியும் கேரியராக இருந்து, இருவரிடமிருந்தும் பழுதானதே குழந்தைக்குப் போனால் அது மேஜர்.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனிடம் இரண்டு பொட்டலம்: ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்பு. மனைவியிடமும் அப்படியே இரண்டு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இருவரிடமிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொட்டலம் எடுக்கப்படுகிறது. இரண்டும் வெள்ளை என்றால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்றால் பெற்றோரைப் போலவே கேரியர். இரண்டும் சிவப்பு என்றால் நோய். இதற்கான வாய்ப்புத்தான் நான்கில் ஒன்று. மக்கள் எங்கே தவறுகிறார்கள் என்றால், எடுத்த பொட்டலம் வெளியே போய்விட்டதாக நினைக்கிறார்கள். சிவப்பு போய்விட்டது, இனி மிச்சமிருப்பது வெள்ளைதான் என்று கணக்குப் போடுகிறார்கள். பொட்டலம் எங்கும் போவதில்லை. அடுத்த கர்ப்பத்துக்கும் அதே நான்கு பொட்டலங்கள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதுக்கும் அவைதான், நான்காவதுக்கும் அவைதான். அண்ணனுக்கு என்ன வந்தது என்பது தங்கையாகப் போகும் கருமுட்டைக்கும் தெரியாது, விந்தணுவுக்கும் தெரியாது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? இருவருமே கேரியரான பதினாறு தம்பதிகளை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பதிக்கு இரண்டு குழந்தைகள். கணக்குப்படி ஒன்பது வீடுகளில் ஒரு குழந்தைக்கும் நோய் இருக்காது. ஆறு வீடுகளில் ஒரு குழந்தைக்கு இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகளுக்குமே இருக்கும். அந்தப் பதினாறாவது வீடுதான் சென்ற மாதம் எங்கள் வார்டுக்கு வந்தது. அந்த ஒன்பது வீடுகளில் பெரும்பாலானவை ‘எங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று பழுதான மரபணுவைத் தெரியாமலேயே அடுத்த தலைமுறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதே தவறு தலைகீழாகவும் வரும். முதல் மூன்று பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், ஆகவே நான்காவதுக்குக் கட்டாயம் வந்துவிடும் என்று அஞ்சி வருகிற தாய்மார்கள் உண்டு. அதுவும் இல்லை. நான்காவதுக்கும் நான்கில் ஒன்றுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

இந்த ஆபத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு ஆலோசனை ஊருக்குள் உலவுகிறது: ‘இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள், அதன் எலும்பு மஜ்ஜையை வைத்து இதைக் காப்பாற்றிவிடலாம்.’ மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்மைதான், வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தொடங்கியது, இன்று பல ஊர்களில் செய்கிறார்கள். பொருந்துகிற உடன்பிறப்பு இருந்து, இரும்பு சேர்ந்து கல்லீரல் கெடுவதற்கு முன்பே செய்தால் நல்ல பலன் தருகிறது. கணக்கு என்ன சொல்கிறது? உடன்பிறந்த குழந்தையின் எச்.எல்.ஏ. (மஜ்ஜை ஒத்துப்போகுமா என்பதைத் தீர்மானிக்கும் திசு அடையாளம்) பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் இருப்பதால் 11ஆம் குரோமோசோமில் நடப்பதோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. நோய் இல்லாமலும் இருக்க வேண்டும், பொருந்தவும் வேண்டும் என்றால் பதினாறில் மூன்று. அந்த மூன்றை நம்பி, கருவிலேயே பரிசோதிக்காமல் இன்னொரு குழந்தையைப் பெற்றுக்கொள்ளச் சொல்வது ஆலோசனையா? சொல்கிறவர்கள் ஒருநாள் எங்கள் வார்டில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்த சில மாதங்களுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் காப்பாற்றும். அது குறையக் குறைய, பீட்டா குளோபின் இல்லாத குழந்தை வெளுக்கும், பால் குடிக்கும்போது களைக்கும், எடை நின்றுவிடும். பிறகு வாழ்நாள் முழுவதும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். ஒரு யூனிட் ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. உடம்பால் ஒரு நாளில் வெளியேற்ற முடிவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம். மிச்சம் இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படியும். அதை வெளியேற்ற தினமும் மாத்திரை. ரத்தத்துக்கு மட்டும் வந்துவிட்டு இந்த மாத்திரையை விட்டுவிடுகிறவர்களோடு நாங்கள் போடும் சண்டையைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

“எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் இல்லையே” என்பது அடுத்த வழக்கமான வாதம். இருக்காதுதான். கேரியரிடம் எந்த நோயும் வெளியே தெரியாது. தாத்தா, அப்பா, நீங்கள் என்று மூன்று தலைமுறை சத்தமில்லாமல் கடந்து வரலாம். நம் நாட்டில் சராசரியாக நூறு பேரில் மூன்று, நான்கு பேர் கேரியர்கள். இன்னொரு கேரியரைக் கைப்பிடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

சொந்தத்தில் கட்டினால்தான் வரும் என்பதும் பாதி உண்மை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் சுமார் 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை. தாய்மாமன் கேரியராக இருந்தால் அவருடைய அக்காள் மகளும் கேரியராக இருக்கக் குறைந்தது நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகள், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று. அந்நியத்தில் கட்டினால் இது நூறில் மூன்று, நான்காகக் குறைகிறதே தவிர, பூஜ்யம் ஆவதில்லை. பல தலைமுறையாக ஒரே சமூகத்துக்குள் மட்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், ‘சொந்தமில்லை’ என்று நீங்கள் சொல்கிற மாப்பிள்ளையும் அதே மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

ரத்த வகை விஷயத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ‘ஓ பாசிட்டிவ்’ என்று இருந்தால் கல்யாணத்தையே நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் மரபணு இருப்பது 9ஆம் குரோமோசோமில். தலசீமியாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே வகை ரத்தம் உள்ளவர்கள் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். தாய்க்கு நெகட்டிவ், தந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். உரிய நேரத்தில் ஓர் ஊசி போடுவார், அவ்வளவுதான். பத்துப் பொருத்தமும் பார்த்து, ரத்த வகையும் பார்த்து, பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம்.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. பீட்டா தலசீமியா மேஜர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவது மிக மிக அபூர்வம். மருமகளின் ராசியைக் குறை சொல்வதற்கு முன்னால், பழுதில் சரிபாதி உங்கள் மகன் கொடுத்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பார்க்க வேண்டியது என்ன? முதலில் சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை. அந்தத் தாள் அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கும். ஹீமோகுளோபின் பத்து, பத்தரை, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 65, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 55 லட்சம். இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இரும்பு டானிக் குடித்துவந்த இளம்பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரும்புக் குறைவு என்றால் சிவப்பணு எண்ணிக்கையும் பொதுவாகக் குறைந்திருக்க வேண்டாமா? எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், 65ஐ 5.5ஆல். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரைச் சந்தேகிக்க வேண்டும். இது சந்தேகம் மட்டுமே. உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை இருக்கிறது. அதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர். கடுமையான இரும்புக் குறைவு இருக்கும்போது ஏ2 குறைத்துக் காட்டக்கூடும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். மரபணு மாறப் போவதில்லை.

சிறு மருத்துவமனைகளில் இருக்கும் சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெளுத்துப்போன குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து வைத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடையாளியின் ஹீமோகுளோபினைத்தான் எச்.பி.எல்.சி. பாதி காட்டும். பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரைப் பரிசோதித்து ஊகிக்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்த முதல் வருகையிலேயே மனைவிக்குப் பரிசோதனை. அவர் கேரியர் என்றால் அந்த வாரமே கணவருக்கு. ‘வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன்’ என்கிற கணவர்களே, அடுத்த மாதம் தாமதமாகிவிடும். இருவரும் கேரியர் என்றால் பதினோராம் வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்தும், பதினைந்து வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலிருந்தும் கருவின் மரபணுவைப் பார்க்கலாம். கருவின் ரத்தத்தை எடுக்காமல் ரத்த நோய் எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். பீட்டா குளோபினைச் செய்வது எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரும் செல்கள்தான். மற்ற செல்களில் அந்த மரபணு அணைந்து கிடக்கிறது. அணைந்து கிடந்தாலும் அங்கே இருக்கிறது, ஆகவே நஞ்சுக்கொடியின் செல்லிலும் படித்துவிடலாம். ஆனால் பெற்றோர் இருவரிடமும் உள்ள பழுது எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். மூத்த குழந்தைக்கு நோய் இருப்பவர்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வாருங்கள் என்று தொண்டை வறளச் சொல்வது இதனால்தான்.

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பரிசோதனையை அனுமதிக்கிறது; பாலினத்தை மட்டும் சொல்லமாட்டோம், கேட்காதீர்கள். முடிவு தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது பெற்றோர் எடுக்க வேண்டிய தீர்மானம்.

மரபணுவைத் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதே என்று செய்தித்தாளை நீட்டுகிறார்கள். வந்திருக்கிறது, அமெரிக்காவில் தலசீமியாவுக்கு 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. விலை கோடிகளில். அதுவும் திருத்துவது நோயாளியின் ரத்த மூலச்செல்களை மட்டுமே. பெற்றோரிடம் இருக்கும் பொட்டலங்களில் எதையும் மாற்றுவதில்லை.

‘கேரியர் என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது’ என்று அறிக்கையைக் கிழித்துப் போட்ட தாயையும் பார்த்திருக்கிறேன். பயம் நியாயமானது, ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் கேரியர். தேவாலயத் திருமணத்துக்குப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை என்று அங்கே வைத்தார்கள். பரிசோதித்தாகிவிட்டது, ஆலோசனை கொடுத்தாகிவிட்டது என்று மட்டும்தான் அந்தச் சான்றிதழில் இருக்கும், முடிவு இருக்காது. பெரும்பாலான ஜோடிகள் கல்யாணத்தை நிறுத்தவும் இல்லை. தெரிந்துகொண்டு கட்டிக்கொண்டார்கள், கர்ப்பத்தில் பரிசோதித்தார்கள். நோயோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் கேரியர் என்று தெரிந்தால் அவருடைய அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோரையும் அழைத்து வாருங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரியப்பா, சித்தி, மாமன் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். திருமணம் நிச்சயமானவர்கள் முதலில் வரட்டும்.