லாங்வுட் சோலைக்குப் பழனிச் சிரிப்பான் எப்படி வந்தது?

நீலகிரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். போன ஆண்டு புராஜெக்ட் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு), கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊரிலிருந்து) வரும் மாணவி ஒருத்தி, அங்கே இருக்கும் லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டின் பறவைகளைப் பற்றி 60 பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ஆங்கிலம் எங்கேயும் தட்டவில்லை. பறவைப் பட்டியலைப் புரட்டினேன். அதில் பழனிச் சிரிப்பான் இருந்தது.

"இதை எங்கேம்மா பார்த்தே?"

"சோலைக்குள்ளதான் மேம். காலையில சத்தம் போட்டுக்கிட்டே இருக்குமே."

"சத்தம் சரி. இந்தப் பேரை யார் சொன்னா?"

கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தாள். "சாட்ஜிபிடில போட்டேன் மேம்."

அவள் பறவையைப் பார்த்தது பொய் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தினமும் பார்க்கிற பறவை. வீட்டில் அதற்கு ஒரு பேர்கூட உண்டு என்றாள். அதை மட்டும் புராஜெக்டில் எழுதவில்லை. எழுதியது தப்பான பேர்.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில். உயரத்துச் சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது ஒரு கடல். அதனால் கணவாய்க்கு இந்தப் பக்கம் நீலகிரிச் சிரிப்பான் (மான்டெசின்க்லா கக்கினன்ஸ்), அந்தப் பக்கம் பழனியிலும் ஆனைமலையிலும் பழனிச் சிரிப்பான் (மான்டெசின்க்லா ஃபேர்பேங்கி). சோலைக்கிளியும் அப்படித்தான்: இங்கே ஷோலிகோலா மேஜர், அங்கே ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ். (பேரைக் கேட்டுக் கிளி என்று நினைக்க வேண்டாம். தரையோரம் ஒளிந்து திரியும் சின்ன நீலப் பறவை.) இந்த இரண்டு பேரினப் பெயர்களும் 2017-இல்தான் வந்தன. அதற்கு முந்தைய நூல்களில் வேறு பேரினம், வேறு பிரிப்பு. இணையத்தில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. சாட்ஜிபிடி போன்ற மொழிமாதிரிக்கு வரைபடம் கிடையாது. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்ற பழக்கம்தான் அதன் அறிவு. 'சோலை', 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'சிரிப்பான்' என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் 'பழனி'யும் பக்கத்திலேயே வந்து நிற்கும். நடுவில் இருக்கும் பள்ளம் அதற்குத் தெரியாது.

அவளுடைய மேற்கோள் பட்டியலிலும் கை வைத்தேன். 34-இல் 5 கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை. ஆசிரியர்கள் உண்மையான ஆட்கள், இதழ்கள் உண்மையான இதழ்கள், தலைப்பு மட்டும் கற்பனை. காரணம் அதேதான். இப்படி ஒரு தலைப்பை இப்படிப்பட்ட ஒருவர் இந்த இதழில் எழுதியிருக்கக்கூடும் என்று அது கோக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் டிஓஐ என்ற அடையாள எண்ணை எடுத்து அதன் தளத்தில் ஒட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தை மாணவியும் செலவழிக்கவில்லை, கையெழுத்துப் போட்ட கைடும் செலவழிக்கவில்லை. கைடு நான்தான்.

இந்தக் கதையை ஆசிரியர் அறையில் சொன்னதும், "ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கிப் போட்டுவிடலாம்" என்றார் ஒரு நண்பர். அந்த வழியை என்னால் ஒப்ப முடியவில்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் தள்ளியது. அதே ஆண்டு ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். செய்தவர்களாலேயே முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் 'இயந்திரம் எழுதியது' என்று தீர்ப்பு வந்தது. தெரிந்த சொற்களை வைத்து, படித்த வாக்கிய அமைப்பிலேயே எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கூடலூரிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து, அகராதியும் கையுமாக ஆங்கிலம் எழுதும் எங்கள் பையன்கள்தான் அவர்கள். அப்படி ஒரு பையனை, அவன் சொந்தமாக எழுதிய சினாப்சிஸுக்காக (ஆய்வுச் சுருக்கத்துக்காக), வேறொரு நிறுவனத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டு அழவைத்து அனுப்பியதை நான் அறிவேன்.

பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரிப்போர்ட்டும் இதற்கு உதவாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்குமேல் 40, 60 என்று படிப்படியாக ஏறும். அது பிறர் எழுத்தை எடுத்து ஒட்டியதைப் பிடிக்கும் வலை. இயந்திரம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோத்துக் கொடுப்பது அதில் சிக்காது. பழனிச் சிரிப்பான் இருந்த அந்தப் புராஜெக்டுக்கு ஒப்புமை 4 சதவீதம். பைண்டிங்கோடு முதல் பக்கத்திலேயே பெருமையாக இணைத்திருந்தாள்.

இந்த செமஸ்டரில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். "லாங்வுட் சோலையைப் பற்றி எழுது" என்று இயந்திரத்திடம் நானே கேட்டு, வந்த இரண்டு பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வகுப்பில் கொடுத்தேன். இரண்டு சனிக்கிழமை சோலைக்கு நடக்க வேண்டும். கள நோட்டோடு வந்து, அந்த இரண்டு பக்கத்தில் தப்பு உள்ள இடங்களைச் சிவப்பில் அடிக்க வேண்டும். ஒரு தப்புக்கு அரை மார்க், ஆதாரம் இருந்தால் மட்டும்.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. பரப்பளவைத் தப்பாகப் போட்டிருந்ததை (சோலை 116 ஹெக்டேர்) முதல் நாளே பிடித்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் லாங்வுட் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது அந்தப் பக்கங்களில் இல்லை. மாதிரியின் பயிற்சி அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். அதையும் ஒருத்தி எழுதினாள். சுவாரசியம் வேறிடத்தில். ஒரு பையன் 'ஷோலிகோலா' என்பதைச் சிவப்பில் அடித்து, நூலகத்துப் பழைய பறவைக் கையேட்டை ஆதாரமாகக் காட்டியிருந்தான். அங்கே இயந்திரம் சரி, கையேடுதான் பழசு. அவனுக்கு அரை மார்க் கிடைக்கவில்லை. ஆனால் அன்று வகுப்பு முழுக்க ஓடியது அந்த ஒரு சொல்லில்தான். அச்சில் இருப்பதெல்லாம் சரி, கணினியில் வருவதெல்லாம் தப்பு என்று நானும் மெல்ல நம்ப ஆரம்பித்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஆராய்ச்சிப் பக்கம் வந்தால் என் எண்ணம் இன்னும் தாராளம். எங்கள் ஸ்காலர் ஒருவர் சிகூர்ப் பக்கம் கேமரா ட்ராப் (அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் கேமரா) வைத்திருந்தார். காற்றில் புல் ஆடினாலும் கேமரா படம் எடுக்கும். ஆயிரக்கணக்கில் வெறும் புல். அதை உட்கார்ந்து பிரிப்பதில் ஒரு மனிதனின் மூன்று மாதம் போகும். மெகாடிடெக்டர் என்ற இலவச மாதிரி, படத்தில் விலங்கா, ஆளா, வண்டியா என்று மட்டும் பிரித்துத் தரும். எந்த விலங்கு என்று சொல்லாது. சொல்வதாகப் பாவனையும் செய்யாது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். இணையம் இல்லாமல் லேப்டாப்பிலேயே ஓடும். ஆடி மாதத்தில் இங்கே நெட்வொர்க் நிலவரம் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 'காலி' என்று ஒதுக்கிய படங்களில் சில நூறைக் கண்ணை மூடி எடுத்துக் கையால் பார்க்கச் சொன்னேன். புல்லுக்குள் பதுங்கிய முயல்கள் இருந்தன. எத்தனை தப்பியது என்ற கணக்கும் இப்போது ஆய்வேட்டில் ஏறியிருக்கிறது.

பேர்ட்நெட் விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. ஒலிப்பதிவைக் கேட்டுப் பறவைப் பெயர் சொல்லும். பக்கத்தில் 0.9 என்று ஒரு எண் போடும். அதை 90 சதவீதம் உறுதி என்று எழுதிவிடுகிறார்கள். அது நிகழ்தகவு அல்ல. ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் பதிவுகளைக் காதால் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான், எந்த எண்ணுக்கு மேல் நம்பலாம் என்று சொல்ல முடியும். காது பழகாதவருக்கு இந்தக் கருவி உதவாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இருளர் பெரியவர் ஒருவர் மூலிகைகளைப் பற்றிப் பேசிய பதிவை, எழுத்தாக்கித் தரச் சொல்லி இலவசத் தளம் ஒன்றில் ஏற்றிவிட்டார் ஒருவர். இருளர் மொழியைத் தமிழ் என்று எண்ணி அது ஏதோ உளறித் தந்தது. அதைத் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் கைநாட்டு வைத்த ஒப்புதல் படிவத்தில், தன் பேச்சு எங்கோ இருக்கும் கணினிக்குப் போகும் என்று ஒரு வரி இல்லை. இலவசத் தளங்களில் பலவும், நாம் அமைப்புக்குள் போய் நிறுத்தாவிட்டால், ஏற்றியதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். அரிய ஆர்க்கிட் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணும் இதே ரகம். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தைத் தானே மங்கலாக்கிக் காட்டும். சாட்பாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இயந்திரத்தை ஆசிரியராகப் போடக்கூடாது என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தினால் எங்கே, எப்படி என்று எழுதவும் சொல்கிறது. எங்கள் துறையில் புராஜெக்டின் கடைசியில் அதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறோம்.

அந்த மாணவிக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தோம். திரும்பி வந்தபோது 60 பக்கம் 38 ஆகியிருந்தது. ஆங்கிலம் அங்கங்கே தட்டியது. கடைசிப் பக்கத்தில், "முன்னுரை இலக்கணம் திருத்த சாட்ஜிபிடி. பறவைப் பெயர்கள்: நான் பார்த்தது, மேம் சரிபார்த்தது. 3 பறவைகளை அடையாளம் காண முடியவில்லை" என்று எழுதியிருந்தாள். வெளித் தேர்வாளர் அந்த மூன்றில்தான் முதல் கேள்வி கேட்டார்.