கட்டிய கடன் தெரியும், வராத டொலர் தெரியாது

வங்கியில் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களைப் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறேன். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அன்றிலிருந்து எல்லோரும் கேட்பது, யாரிடம் இவ்வளவு கடன் வாங்கினோம் என்றுதான். சரி, கேட்க வேண்டியதுதான். ஆனால் நாம் உழைத்த டொலரில் எவ்வளவு நாட்டுக்குள் வராமலே போனது என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு உதாரணத்துக்கு, 1 லட்சம் டொலர் பெறுமதியான சரக்கை ஒருவர் துபாயில் உள்ள கம்பெனிக்கு 70,000 என்று இன்வொய்ஸ் போட்டு அனுப்புகிறார் என்று வையுங்கள். அந்தக் கம்பெனி அவருடைய மைத்துனரின் பெயரில் இருக்கும். சரக்கை அது உண்மையான விலைக்கு விற்கும், மீதி 30,000 அங்கேயே தங்கிவிடும். இறக்குமதியில் இதே வேலை தலைகீழாக நடக்கும், விலையைக் கூட்டிப் போட்டு, முறையாக எல்.சி. (வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறந்து, வங்கி வழியாகவே டொலரை வெளியேற்றலாம். ஏற்றுமதிப் பணம் 180 நாட்களுக்குள் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, நாங்களும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இன்வொய்ஸில் உள்ள 70,000 வந்துவிட்டால் கோப்பு சுத்தம்!

இப்படி வராமல் போன டொலரின் இடத்தைக் கடன்தான் நிரப்பியது. 2007இல் 50 கோடி டொலர் பிணைமுறியோடு (வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்ற கடன் பத்திரம்) தொடங்கி, சந்தை வட்டிக்கு மேலும் மேலும் வாங்கினோம். மறைத்த லாபத்துக்கு வரியும் கிடையாது. போதாக்குறைக்கு 2019 டிசம்பரில் வற் வரியையும் 15 வீதத்திலிருந்து 8க்குக் குறைத்தார்கள். கடைசியில் அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போனது. அப்புறம் எங்கே பள்ளிக்கூடம், எங்கே ரோடு?

டொலரை 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தபோது உண்டியல்காரர், அதாவது வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுப்பவர், அதைவிடக் கூடக் கொடுத்தார். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலர், 2022இல் 380 கோடிதான். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அக்காவை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன், பொய்யான விலையை வைத்தது அவர் இல்லையே. இன்வொய்ஸ்காரரின் கதை வேறு. டொலர் 360 ரூபாவுக்குப் போனதும், வெளியே வைத்த அந்த 30,000 டொலரின் பெறுமதி 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 8 லட்சம் ரூபாவானது. நாடு விழ விழ அவருக்கு லாபம், அதனால் நெருக்கடி வரும் என்ற வாசம் பட்டாலே பணம் இன்னும் வேகமாக ஓடும்.

2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறி ஒன்றை முழுதாகக் கட்டினோம். சில மாதங்களில், கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய இருப்பு 5 கோடி டொலர்கூட இல்லை. மூலப்பொருளுக்கு எல்.சி. திறக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம், டீசலும் இல்லை, தொழிற்சாலைகள் நின்றன. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 வீதத்துக்கும் மேல் சுருங்கியது.

கம்பெனிகளில் கணக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்குபவர் முதலாளியின் உறவுக் கம்பெனியா, விலை சந்தை விலைக்குப் பக்கத்திலாவது இருக்கிறதா, சரக்கு ஒரு நாட்டுக்கும் பில் இன்னொரு நாட்டுக்கும் போகிறதா என்று பாருங்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். நாளை விசாரணை வந்தால் முதலில் தேடப்படுவது இன்வொய்ஸில் கையெழுத்துப் போட்டவரைத்தான், துபாய் மைத்துனரை அல்ல.