எதேச்சாதிகாரம்

1917 ரஷ்யப் புரட்சிக்கான காரணங்கள் என்றால், விடைத்தாளில் முதலில் விழும் வரி 'ஜார் மன்னரின் எதேச்சாதிகாரம்'. இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும், சரி. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

யதா, இச்சை என்ற வடசொற்கள் சேர்ந்து யதேச்சை ஆகும். விரும்பியபடி என்று பொருள். தமிழில் அது எதேச்சை என்றும் வழங்குகிறது. ஆக, எதேச்சாதிகாரம் என்றால் விரும்பியபடி செலுத்தும் அதிகாரம். பேச்சில் இதே சொல் வேறு பக்கம் போய்விட்டது. 'கடைத்தெருவில் யதேச்சையாகப் பார்த்தேன்' என்றால் தற்செயலாகப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். அதில் யாருடைய விருப்பமும் இல்லை.

ரஷ்யர்கள் தங்கள் மன்னராட்சியைச் 'சமோதெர்ஜாவியே' என்றார்கள். தானே பிடித்து ஆள்வது என்று பிரிக்கலாம். கிரேக்கச் சொல்லைப் பார்த்து உருவாக்கியது. 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இவான் மங்கோலியர் வழிவந்த தாத்தாரியர் பிடியிலிருந்து மாஸ்கோவை விடுவித்த காலத்தில், யாருக்கும் கப்பம் கட்டாத அரசு என்பதே இதன் பொருள். வெளியில் இருப்பவருக்குக் கட்டுப்படாதவர் என்பது, போகப்போக உள்ளே இருப்பவருக்கும் கட்டுப்படாதவர் என்று ஆனது.

கடைசி ஜாரான இரண்டாம் நிக்கோலஸ் இதை முழுசாக நம்பினார். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவர் எழுதியது: 'ரஷ்ய மண்ணின் எஜமான்'. 1905 ஜனவரியில் கோரிக்கை மனுவோடும் ஜாரின் படத்தோடும் அரண்மனை நோக்கி நடந்த தொழிலாளர்களைப் படை சுட்டது. நாடு கொந்தளித்த பிறகுதான் டூமா என்ற நாடாளுமன்றத்துக்கு அவர் இசைந்தார். மறு ஆண்டு அடிப்படைச் சட்டம் எழுதும்போது, மன்னருக்கு உரியது 'எதேச்சாதிகாரமும் வரம்பற்றதுமான' அதிகாரம் என்ற பழைய வாசகத்தில் கை வைக்க வேண்டி வந்தது. 'வரம்பற்ற' என்பதை எடுக்க நிக்கோலஸுக்கு மனமே இல்லை. கடைசியில் அதை விட்டுக்கொடுத்தார். 'எதேச்சாதிகார' அப்படியே நின்றது. முதல் டூமா மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. இரண்டாவதையும் கலைத்து, 1907 ஜூனில் டூமாவைக் கேட்காமலே தேர்தல் சட்டத்தை மாற்றினார்.

நிலப்பசி, ஆலைக் கூலி, போர், ரொட்டித் தட்டுப்பாடு என்று காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றைச் சொல்ல ஒரு வாசலும், பழி ஏற்க இன்னொரு ஆளும் இல்லாமல் போனதுதான் என் கணக்கில் பெரிய காரணம். 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, படைத்தலைமையை ஜாரே ஏற்றதால் அதன்பின் ஒவ்வொரு தோல்வியும் அவர் தலையில் விடிந்தது. 1916 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்குள் பிரதமர் மூன்று முறை மாறினார். 1917 மார்ச் 8 அன்று அன்றைய தலைநகரான பெத்ரோகிராதில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். நான்கே நாளில் சுட அனுப்பப்பட்ட வீரர்களே கலகம் செய்தார்கள். 15ஆம் தேதி பிஸ்கோவ் நகரில் ரயில் பெட்டியில் நிக்கோலஸ் முடிதுறந்தார்.

அப்புறம், எதேச்சாதிகாரம் என்ற வடசொல்லுக்குப் பதில் தமிழில் எதைச் சொல்வது? ஜாரைப் பாரதியார் கொடுங்கோலன் என்றார். கொடுங்கோன்மை குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரும்கூட. ஆனால் அது ஆட்சி எவ்வளவு கொடியது என்று சொல்லும் சொல். மன்னர் சாதுவாக இருந்தாலும் அவரைக் கேட்க ஆளில்லை என்றால் அது எதேச்சாதிகாரமே. தன்னாட்சி, ரஷ்யச் சொல்லின் பழைய பொருளுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் இன்று அதைப் பல்கலைக்கழகத்துக்கும் மாநிலத்துக்கும் கொடுத்துவிட்டோம். சர்வாதிகாரம் மன்னர் அல்லாதவருக்கும் பொருந்துவது, அதுவும் வடசொல். மிஞ்சுவது வல்லாட்சி. பலத்தை மட்டும் காட்டுகிறது என்ற குறை இருந்தாலும் சின்னச் சொல், படித்தவுடன் புரியும். முடியரசைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் 'மன்னர் வல்லாட்சி' என்று எழுதலாம்.