வகுக்காமலே பகா எண் என்று சொல்வது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இதுவரை கண்டுபிடித்ததிலேயே பெரிய பகா எண்ணுக்கு 4 கோடி இலக்கமாமே, அதை எத்தனை எண்ணால் வகுத்துப் பார்த்திருப்பார்கள்?”

அருமையான கேள்வி. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1-ஐக் கழித்தால் வரும் எண் அது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். 2024 அக்டோபரில் லூக் டூரன்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். பள்ளியில் சொல்லித்தந்தபடி வர்க்கமூலம் வரை வகுத்துக்கொண்டே போனால், சூரியன் அணைந்த பிறகும் வேலை முடியாது. சின்னக் காரணி ஏதாவது சிக்குகிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பதுண்டு. ஆனால் தீர்ப்பு அதிலிருந்து வருவதில்லை.

தீர்ப்பைச் சொல்வது பிரான்ஸின் லூக்கா 1876-ல் தொடங்கிவைத்து, 1930-ல் அமெரிக்காவின் லேமர் செம்மைப்படுத்திய ஒரு சோதனை. 31-ஐ வைத்தே செய்து பார்க்கலாம். அது ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள்: 14. மறுபடியும்: 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 62, மீதி பூஜ்யம். அடுக்கு, அதாவது பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கை, 5 என்பதால் இரண்டு குறைத்து மூன்றே முறை செய்தோம். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

வகுத்தல் வந்துவிட்டதே என்கிறீர்களா? எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். 194-ஐ இரும எண்ணாக எழுதினால் 11000010. வலது ஓரத்தில் ஐந்து இலக்கங்களை வெட்டுங்கள்: 110, 00010. அதாவது 6, 2. கூட்டினால் 8, நாம் தேடிய மீதியேதான்! 32-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லவா? அதனால் இடப்பக்கம் இருக்கும் ஒவ்வொரு 32-ம் வெறும் 1 ஆகிவிடுகிறது. 62-ஐயும் வெட்டுங்கள்: 1, 11110. கூட்டினால் 11111. அது 31-ஏ, ஆக மீதி பூஜ்யம். வெட்டு, கூட்டு, அவ்வளவுதான்.

டூரன்டின் எண் இரும முறையில் 13,62,79,841 ஒன்றுகளின் வரிசை, நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. வெட்டுவது அங்கேயும் இதே மாதிரிதான். பாடெல்லாம் வர்க்கப்படுத்துவதில், அதுவும் 13,62,79,839 முறை. அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு கிராஃபிக்ஸ் சிப், வேறொரு சோதனையில், இது பகா எண்ணாக இருக்கலாம் என்றது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு சிப் லூக்காவின் சோதனையை முடித்து உறுதிசெய்தது.

பயன் என்ன என்று கேட்பார்கள். வங்கிப் பரிமாற்றத்தின் ரகசியக் குறியீட்டுக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். இது அதற்கு உதவாது. இருந்தாலும் பேரெழுத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜோசியத்துக்கு நம் ஊரில் ‘எண் கணிதம்’ என்று பெயர் கிடைத்திருப்பதும், அதற்கு வீட்டுப் பணம் கரைவதும் எனக்கு உண்மையிலேயே வேதனை. நிஜமான எண் கணிதம் தருவது வேறு மாதிரி வியப்பு.

அடுக்கு 67-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது தரும் 21 இலக்க எண்ணைப் பகா எண் என்று 1644-ல் எழுதிவிட்டார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். இல்லை என்று 1876-லேயே காட்டினார் லூக்கா. ஆனால் ஒரு காரணிகூட அவர் கையில் இல்லை. 1903-ல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் இரண்டு காரணிகளையும் கண்டெடுத்தார்: 19,37,07,721 மற்றும் 7,61,83,82,57,287.