மினிமம் டியூ கட்டியாச்சு, அப்புறம் ஏன் வட்டி?

“ஒரு நாள்கூட லேட் பண்ணலையேக்கா. கிரெடிட் கார்டுக்கு அவங்க கேட்ட பணத்தைக் கேட்ட தேதியிலேயே கட்டிட்டேனே!”

காசிமேட்டிலிருந்து வந்த தம்பி இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவர்மேல் கோபமில்லை. இந்த ஜூலையில் மட்டும் இதே பேச்சை ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். ஜவுளிக் கடைக்காரர்கள், துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள், மணலி கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் என்று பலரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய என்னிடம் வருவார்கள். வங்கி ஸ்டேட்மென்டைப் புரட்டும்போது கிரெடிட் கார்டுக்குப் போன பணம் கண்ணில் படும். “இது என்ன?” என்று நானாகக் கேட்டால்தான் கதை வெளியே வரும்.

தம்பியின் கதை இது. அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில்தான் படகுக்கு மராமத்து பார்ப்பார்கள். வருமானம் நின்றுபோகிற அதே நேரத்தில் செலவு வந்து நிற்கும். ஏப்ரல் 20-ஆம் தேதி இன்ஜின் வேலைக்காக 80,000 ரூபாயைக் கார்டில் தேய்த்திருக்கிறார். மே 5-ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வந்தது. மொத்த பாக்கி 80,000, மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 4,000, கடைசித் தேதி மே 25. தடைக்காலத்தில் 80,000-க்கு எங்கே போவார்? 4,000 ரூபாயை மே 25 அன்று கட்டிவிட்டு, இந்த மாதக் கவலை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்.

ஜூன் 5-ஆம் தேதி வந்த ஸ்டேட்மென்டில் பாக்கி 80,937 ரூபாய்.

அவர் கார்டுக்கு வருடத்துக்கு 42 சதவீத வட்டி. ஏப்ரல் 20 முதல் மே 25 வரை 35 நாளுக்கு முழு 80,000-க்கும் வட்டி 3,222 ரூபாய். அங்கிருந்து ஜூன் 5 வரை 11 நாளுக்கு மீதி 76,000-க்கு 962 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,184. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 753. ஆக 4,937 ரூபாய். கையிலிருந்து 4,000 போன பிறகும் கடன் 937 ரூபாய் ஏறியிருக்கிறது. இதில் லேட் ஃபீ ஒரு ரூபாய்கூட இல்லை. லேட் ஃபீ என்ற வரியே ஸ்டேட்மென்டில் இல்லாததால்தான் அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

தயவுசெய்து இதை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். மினிமம் டியூ கட்டினால் உங்களுக்கு இரண்டு விஷயம் கிடைக்கும். லேட் ஃபீ போட மாட்டார்கள். நீங்கள் கடனை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று பதிவாகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் தவணை தவறியவர் என்று எழுத மாட்டார்கள். அவ்வளவுதான். வட்டியை அது நிறுத்தவே நிறுத்தாது. கட்டாமல் விட்ட மீதி முழுக்கக் கடன். அந்தக் கடனுக்குப் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள், 50 நாள் வட்டியில்லை என்று கார்டு கொடுக்கும்போது சொன்னார்களே, அது போன மாத பாக்கியை மீதி வைக்காமல் கட்டியவருக்கு மட்டும்தான். பாக்கி நிற்கிற வரைக்கும் நீங்கள் புதிதாக வாங்கும் 600 ரூபாய் மளிகைக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும்.

நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன். வருடத்துக்கு 42 சதவீதம் என்றால் மாதம் 3.5 சதவீதம், அதாவது மூன்றரை வட்டி. ஜிஎஸ்டியையும் சேர்த்தால் நாலு வட்டியைத் தாண்டும். அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகிற நாம், கார்டில் நாலு வட்டியை வாய் திறக்காமல் கட்டிக்கொண்டிருக்கிறோம். சதவீதமாக எழுதியிருப்பதால் அது வட்டியாகவே நமக்குத் தெரிவதில்லை. தண்டல் வாங்கியவர் ஒரு நாள் தவறினாலும் வாசலில் பைக் வந்து நிற்கும். சீட்டுப் பணம் தவறினால் மற்ற சீட்டுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அந்த ஒழுங்கெல்லாம் நம் மக்களிடம் நன்றாகவே இருக்கிறது. கார்டு மட்டும் சத்தமே போடாது. மினிமம் கட்டினாலும் நன்றி என்று மெசேஜ் அனுப்பும். அந்த நன்றியைப் பார்த்து கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் தீரப் பல மாதங்கள், வருடங்கள் ஆகும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்டிலேயே போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. போட்டிருக்கிறார்கள். நம்மில் யாரும் அதுவரைக்கும் படிப்பதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், சில்லறையை விட்டுவிட்டுக் கட்டுவது. பில் 23,462 ரூபாய் என்றால் ரவுண்டாக 23,000 கட்டுகிறார்கள். 462 ரூபாய் பாக்கிக்காக அந்த மாதத்தின் வட்டியில்லாச் சலுகை போய்விடுகிறது. கட்டுவதென்றால் பைசா வரைக்கும் கட்டுங்கள்.

அடுத்தது மூன்று நாள் கதை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம், கிரெடிட் ரிப்போர்ட் எழுதும் நிறுவனங்களுக்குத் தகவல் கொடுக்கலாம். உண்மைதான். இதை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, கடைசித் தேதியே மூன்று நாள் தள்ளிப்போனதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். தள்ளிப்போகவில்லை. அந்த விதி வட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது நாளும் கட்டவில்லை என்றால் தாமதத்தை ஸ்டேட்மென்டில் உள்ள அதே கடைசித் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். கை தவறினால் தாங்கிப்பிடிக்கத்தான் அந்த மூன்று நாள். மாதாமாதம் அதில் போய் நிற்காதீர்கள்.

கடைசித் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஆப்பில் கட்டிவிட்டு, “சக்சஸ்” என்று வந்த ஸ்கிரீன்ஷாட்டை என்னிடம் காட்டுகிறவர்களும் உண்டு. உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, சரி. கார்டுக் கணக்கில் எப்போது வரவானது? வங்கி அதைத்தான் பார்க்கும். வேறு ஆப் வழியாகக் கட்டினால் சில சமயம் ஒன்றிரண்டு நாள் ஆகிறது. செக் போடுகிறவர்கள் இன்னும் முன்னதாகவே போட வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பே கட்டுங்கள். அப்படியும் நாள் நெருங்கிவிட்டால் கார்டு கொடுத்த வங்கியின் சொந்த ஆப்பிலேயே கட்டி, பாக்கி குறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகு தூங்கப் போங்கள்.

மணலியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருவரைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் 7-ஆம் தேதி. கார்டின் கடைசித் தேதி 2. கையில் காசு இருக்காது, எட்டாம் தேதி கட்டுவார். ஒவ்வொரு முறையும் லேட் ஃபீ 750, அதற்கு ஜிஎஸ்டி 135, மொத்தம் 885 ரூபாய். போன வருடம் எட்டு மாதம் இப்படி. 7,080 ரூபாய்! பிள்ளைக்கு டியூஷன் பீஸ் கட்டியிருக்கலாம். பில்லிங் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கார்டு வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை, சொல்வாரும் இல்லை. என் மேஜையிலிருந்தே போன் போட்டார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. இப்போது அவருடைய கடைசித் தேதி மாதம் 14. சம்பளம் எப்போது வருகிறதோ, அதற்கு நாலைந்து நாள் தள்ளிக் கடைசித் தேதி வருகிற மாதிரி கேட்டு வாங்குங்கள்.

ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறேன், எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை என்பவர்கள் ஒரு நிமிஷம் ஆப்பைத் திறந்து பாருங்கள். முழுத் தொகைக்குப் போட்டிருக்கிறீர்களா, மினிமத்துக்கா? படிவம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் மினிமத்தில் டிக் அடித்திருப்பார், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டிருப்பீர்கள். எம்.சி. ரோட்டில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவுக்கு ஒன்றரை வருடம் இப்படியே போயிருக்கிறது. முழுத் தொகைக்குத்தான் போட்டிருக்கிறது என்றால், அந்த நாளில் சேமிப்புக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இல்லையென்றால் கார்டு பக்கம் லேட் ஃபீ, சேமிப்புக் கணக்குப் பக்கம் பவுன்ஸ் கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி.

வியாபாரிகளுக்கு என் தொழில் சார்ந்து ஒரு வார்த்தை. வருமானத்தை உத்தேச முறையில், அதாவது விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்குத் தாக்கல் செய்கிறீர்கள் என்றால் இந்த வட்டியையும் லேட் ஃபீயையும் செலவாகத் தனியாகக் கழிக்க முடியாது. “எப்படியும் கணக்குல காட்டிக்கலாம்” என்று தீபாவளிச் சரக்கைக் கார்டில் எடுக்காதீர்கள்.

தொடவே தொடாத கார்டும் கடிக்கும். கடை வாசலிலோ மாலிலோ நின்று யாரோ கொடுத்த கார்டு பீரோவில் கிடக்கும். ஒரு வருடம் கழித்து ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டியோடு 590. ஸ்டேட்மென்ட் பழைய இமெயிலுக்குப் போகும், மெசேஜ் நீங்கள் விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போகும். அந்த 590-க்கு லேட் ஃபீ ஏறி, வீட்டுக் கடன் கேட்டுப் போகிற அன்றுதான் விஷயமே தெரியவரும். வேண்டாத கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். மூடவில்லை என்றால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். நம்பர் மாற்றினால் வங்கியில் முதலில் சொல்லுங்கள், சொந்தக்காரர்களுக்கு அப்புறம் சொல்லலாம்.

கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, அதுபோக எடுத்ததற்குத் தனிக் கட்டணம். கடையில் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்கி இன்னொரு கார்டைக் கட்டுவது அதைவிட மோசம். இதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை. செய்யாதீர்கள்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் முதலில் அந்தக் கார்டில் வாங்குவதை நிறுத்துங்கள். வீட்டில் நகை இருந்தால் அரசு வங்கியில் வைத்துக் கார்டை முழுசாக அடைத்துவிடுங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு வட்டிக்கும் குறைவாகத்தான் இருக்கும். நகையை வைக்க மனசு கேட்காது, புரிகிறது. ஆனால் நாலு வட்டியை வைத்துக்கொண்டு நகையைப் பூட்டி வைப்பதில் லாபமில்லை. நகை இல்லை என்றால் பாக்கியை இஎம்ஐ-யாக மாற்றக் கேளுங்கள். அதன் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கும். ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறையாகத் தவறியிருந்தால் போன் செய்து லேட் ஃபீயைத் தள்ளுபடி செய்யக் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்குப் பல சமயம் தள்ளுபடி செய்கிறார்கள், ஆனால் நாம்தான் கேட்க வேண்டும். கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு மட்டும் பேசுங்கள். இணையத்தில் தேடி எடுத்த நம்பர் வேண்டாம். “லேட் ஃபீ தள்ளுபடி பண்றோம், ஓடிபி சொல்லுங்க” என்று அவர்களாகக் கூப்பிட்டால் அது திருட்டு. போனை வையுங்கள், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள். தப்பாகப் போட்ட கட்டணத்தை வங்கி திருப்பித் தராவிட்டால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். 14448-க்குக் கூப்பிட்டால் எப்படிப் புகார் செய்வது என்று சொல்வார்கள். வசூலுக்கு ஆள் பேசுவது காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூடாது என்பதும் விதிதான். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காசிமேட்டுத் தம்பி மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனார். வளையலை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். அடுத்த தடைக்காலத்துக்கு மாதம் 5,000 ரூபாய் தனியாக எடுத்து வைக்கப்போவதாகச் சொன்னார்.

கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்கள் இனி கார்டு ஸ்டேட்மென்டையும் கையோடு கொண்டுவாருங்கள். அதைப் பார்க்க நான் தனியாக பீஸ் வாங்குவதில்லை.