டிக் இல்லாத பெட்டி எதையும் அனுப்புவதில்லை

கணவரை இழந்து மூன்று மாதமே ஆகியிருந்த ஓர் அம்மையார், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் தம் குடும்பம் நெடுங்காலமாக உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கத்தின் இணையதளத்தைப் பேரனின் துணையோடு திறந்து, ‘திருவிழா அறிவிப்புகளை எனக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம்’ என்ற வரிக்கு முன்னிருந்த டிக் குறியை எடுத்துவிட்டுச் சேமித்தார். ஆண்டுத் திதி முடியும்வரை அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. ‘உங்கள் விருப்பம் சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் பதிலும் வந்தது. ஆயினும் தைப்பூசம் நெருங்கியதும், காவடிக்குப் பெயர் கொடுக்கும்படி அவருக்கு வாரந்தோறும் செய்தி வந்துகொண்டே இருந்தது. “தம்பி, நான் வேண்டாம் என்று சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லையா?” என்று அவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். கேட்கவில்லை என்பதே உண்மை. அவர் சொன்ன ‘வேண்டாம்’ அவருடைய கணினியை விட்டே புறப்படவில்லை.

டர்பனில் சிறு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் கட்டிக்கொடுப்பதும், பிறர் கட்டியதைப் பழுதுபார்ப்பதும் என் தொழில். இதே பிழையை இந்த ஆண்டில் நான்காவது முறையாகத் திருத்துகிறேன். நான்கையும் எழுதியவர்கள் வெவ்வேறு இளைஞர்கள். நால்வரிடமும் இருந்த நம்பிக்கை ஒன்றே. சங்கத்தின் தளத்தை எழுதிய மாணவர் என்னிடம் சொன்ன சொற்களிலேயே அதைத் தருகிறேன் (சர்வர் என்பது மறுமுனையில் இருந்து தளத்தை நடத்தும் கணினி): “அண்ணா, டிக் இல்லையென்றால் ‘இல்லை’ என்றுதானே சர்வருக்குப் போகும்?”

போகாது. ‘இல்லை’ என்றும் போகாது, சுழியமாகவும் போகாது, வெற்றிடமாகவும் போகாது. எச்டிஎம்எல் படிவத்தை, அதாவது இணையப் பக்கத்தில் நாம் நிரப்பும் படிவத்தை, அனுப்பும்போது பிரவுசர், டிக் அடித்த செக்பாக்ஸின் பெயரையும் மதிப்பையும் மட்டுமே எடுத்துச் செல்கிறது. டிக் அடிக்காததன் பெயரைக்கூட அது உச்சரிப்பதில்லை. பந்தியில் உட்காராதவருக்கு யாரும் இலை போடுவதில்லை. பந்தி முடிந்தபின் இலைகளை எண்ணினால் சாப்பிட்டவர் எத்தனை பேர் என்று தெரியும். வராதவர் யார் என்று தெரியவேண்டுமானால், அழைத்தவர்களின் பட்டியல் உங்கள் கையில் இருக்கவேண்டும். சர்வரில் இருக்கும் உங்கள் நிரலின் நிலையும் இதுதான். படிவத்தில் எந்தெந்தப் பெட்டிகளை வைத்தோம் என்ற பட்டியலை நிரல் தானே வைத்துக்கொண்டு, வராத ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்று தானே எழுதவேண்டும்.

இந்தத் தவறான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். எழுத்துப் பெட்டியை வெறுமையாக விட்டால் அதன் பெயர் வெற்று மதிப்போடு சர்வருக்கு வந்துசேர்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாப் பெட்டியும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலம் பெட்டியின் நிலையைக் கேட்டால் ‘ட்ரூ’ (உண்மை) அல்லது ‘ஃபால்ஸ்’ (பொய்) என்று தெளிவாகவே பதில் வருகிறது. அந்த ‘ஃபால்ஸ்’ பக்கத்துக்குள் மட்டும் வாழ்வது. படிவம் அதைச் சுமந்து செல்வதில்லை. சிலர் பெட்டியின் மதிப்பையே ‘ஃபால்ஸ்’ என்று எழுதிவைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். டிக் அடித்தால் அந்தச் சொல் வெறும் எழுத்துச் சரமாகச் சர்வருக்கு வரும். சர்வர் நிரல்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் அந்தச் சரத்தின் பொருள் ‘உண்மை’. மதிப்பு எதுவுமே எழுதாமல் விட்டால் ‘ஆன்’ என்று வரும்.

அம்மையாரின் விஷயத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. அந்த நிரல், வந்துசேர்ந்த புலங்களை (பெட்டிகளின் பெயரையும் மதிப்பையும்) மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரவுத்தளத்தில் புதுப்பித்தது. அனுமதிப் புலம் வரவே இல்லை; ஆகவே அதைத் தொடவும் இல்லை; ‘சம்மதம்’ என்று பொருள்படும் பழைய 1 அப்படியே இருந்தது. பிழைச்செய்தியும் எழவில்லை. பச்சை எழுத்துப் பதில், தரவுத்தளத்திலிருந்து மீண்டும் படித்துக் காட்டியதன்று. நிரல் கடைசி வரியை எட்டியது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. (சேமித்ததாகச் சொல்லும் பக்கம், சேமித்ததைத் திரும்பப் படித்துக் காட்டவேண்டும் என்று நான் பலமுறை சொல்லிவிட்டேன்.)

பிஎச்பியில் இதற்கு மருந்து ஒரே வரி: அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்று ‘இஸ்செட்’ என்ற கட்டளையைக் கொண்டு கேட்டு, வந்திருந்தால் 1, வராவிட்டால் 0 என்று எழுதுங்கள். கேட்காமல் நேராகப் படித்தால் பழைய பதிப்புகள் ‘நோட்டீஸ்’ என்று முணுமுணுத்தன. 2020இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் அது எச்சரிக்கையாகவே எழுகிறது. அந்த எச்சரிக்கையை அடக்க முன்னால் ஒரு ‘@’ குறியைப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

ஆனால் ‘வராவிட்டால் 0’ என்ற விதியையும் கண்மூடித்தனமாகப் போட்டுவிடக்கூடாது. படிவம் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்து, முகவரி மட்டும் மாற்றும் பக்கத்தில் அந்தப் பெட்டியே இல்லாதபோது, முகவரியை மாற்றிய ஒவ்வொருவருடைய அனுமதியையும் நிரல் ஓசையின்றி அழித்துவிடும். அதனால்தான் நான் செக்பாக்ஸுக்கு முன்னால், அதே பெயரில், 0 மதிப்போடு மறைவான புலம் ஒன்றை வைக்கிறேன். ஒரே பெயர் இருமுறை வந்தால் பிஎச்பி கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்கிறது. டிக் இருந்தால் 1 வெல்லும், இல்லாவிட்டால் 0 நிற்கும், இரண்டுமே வராவிட்டால் பெட்டி அந்தப் பக்கத்தில் இல்லை என்று பொருள். சர்வர் நிரல் எழுதும் இன்னொரு முறையான ஜாவா சர்வ்லெட்டில் இந்த உத்தி கவிழும், ஏனென்றால் அங்கே வழக்கமான முறையில் கேட்டால் முதலில் வந்ததே கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் நிரல் எழுத உதவும் எக்ஸ்பிரஸில் இரண்டும் சேர்ந்து ஒரு பட்டியலாக வரும். நீங்கள் எந்த வீட்டில் சமைக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு உப்புப் போடுங்கள். முடக்கிவைத்த பெட்டி, டிக் இருந்தாலும் அனுப்பப்படாது என்பதையும் மறந்துவிடவேண்டாம்.

அன்னதானத் தொண்டர்களின் வருகைப் பட்டியலில் இதைவிட மோசமான ஒன்றைக் கண்டேன். ஐந்து பெயர்கள், ஐந்து பெட்டிகள், பிஎச்பி அவற்றை ஒரே பட்டியலாகச் சேர்க்கும்படி எல்லாவற்றுக்கும் சதுர அடைப்புக்குறியோடு ஒரே பெயர். முதலாமவரும் மூன்றாமவரும் ஐந்தாமவரும் வந்ததாக டிக் அடித்தால் சர்வருக்கு மூன்றே மதிப்புகள் வரும். நிரல் அவற்றை வரிசைப்படி பெயர்களோடு பொருத்தி, முதல் மூவரும் வந்ததாக எழுதிவிட்டது. வந்த ஐந்தாமவர் வராதவரானார். வீட்டில் இருந்த இரண்டாமவர் அண்டா சுமந்தவரானார். பெட்டியின் மதிப்பாக உறுப்பினர் எண்ணையே வையுங்கள். வரிசையை நம்பாதீர்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று யாரேனும் நினைத்தால், போப்பியா என்று நாம் இங்கே அழைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டுகிறேன். 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமான அதற்கு, எல்லா அமைப்புகளும் 2021 ஜூலை 1 முதல் இணங்கி நடந்தாகவேண்டும். சம்மதம் என்பது தானாக விரும்பி, குறிப்பிட்ட ஒன்றுக்காக, விவரம் அறிந்து தருவது என்றும், தந்ததை எந்நேரமும் திரும்பப் பெறலாம் என்றும் அது சொல்கிறது. திரும்பப் பெற்றதைப் பதிவு செய்யவே தெரியாத நிரலை வைத்துக்கொண்டு இச்சட்டத்தைக் கடைப்பிடிக்க இயலாது. தரவுத்தளத்தில் அனுமதிப் புலத்துக்கு 1 என்று இயல்புமதிப்பு (எதுவும் எழுதாதபோது தானாக அமையும் மதிப்பு) வைத்திருப்பவர்கள் இன்றே அதை 0 ஆக்குங்கள்.

தயவுசெய்து, படிவத்தை வெளியிடுமுன் ஒரு பெட்டியிலும் டிக் இல்லாமல் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியைத் திறந்து, உண்மையில் எது புறப்பட்டது என்று கண்ணால் பாருங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளமானால், அனுமதிப் புலத்தில் 0 உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்தச் சங்கத்தின் தரவுத்தளத்தில் நான் எண்ணியபோது, மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. அதன் செயலாளர் இப்போது உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்த அம்மையாரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.