கொட்டகையில் ஆள் தூங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கொட்டகையை விருந்தினர் தங்கும் இடமாக மாற்ற வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் கையில் படங்களோடுதான் வருவார்கள். கறுத்த உத்திரங்கள், கல் சுவர், கூரையில் ஒரு கண்ணாடி, அதன் கீழே பெரிய கட்டில். படம் அழகாகத்தான் இருக்கும். நான் முதலில் கேட்பது, மாடு எந்தப் பக்கம் கட்டியிருந்தார்கள் என்பது.

கட்டடப் பொறியாளர் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பார்கள். மாடோ குதிரையோ பல காலம் நின்ற இடத்தில் மூத்திரமும் சாணமும் மண்ணில் ஊறியிருக்கும். அதிலுள்ள நைட்ரேட், குளோரைடு உப்புகள் ஓதத்தோடு சேர்ந்து சுவரில் ஏறிவிடும். இவற்றுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் கூரை ஒழுகாத கட்டடத்திலும் சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் நனைந்தாற்போல் கறுத்துக் கிடக்கும். காய்ந்த நாட்களில் வெள்ளையாகப் பூக்கும். விரலால் தேய்த்தால் சுவரே பொடியாக உதிரும்.

இதைக் கண்டதும் பலர் செய்வது சிமென்ட் பூசி மூடுவது. கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். அப்புறம் உள்ளே அடைபட்ட ஈரம், பூச்சு முடிகிற உயரத்தையும் தாண்டி மேலே ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி அதைப் பாளம் பாளமாகத் தள்ளும். மென்மையான செங்கல் என்றால் செங்கல்லின் முகமும் சேர்ந்தே பெயர்ந்து வரும். ஊறிப்போன மண்ணை வெட்டி எடுங்கள். வெளிப்பக்கம் மண் மேடிட்டிருந்தால் மட்டத்தைக் குறையுங்கள். மழைநீர் சுவரை விட்டு விலகி ஓட வழி செய்யுங்கள். அதற்குப் பிறகு சுண்ணாம்புக் காரை. முதல் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு கெட்டுப்போகலாம். போகட்டும், உரித்துவிட்டு மறுபடி பூசலாம், அதற்குத்தான் அது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

மண்ணை வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. பல பழைய கொட்டகைகளுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. உள்ளே உயரம் கிடைக்கட்டும் என்று தரையைத் தோண்டிக்கொண்டே போனால் சுவரின் அடியே வெளியே தெரியும். ஒரு மூலையில் சின்னக் குழி தோண்டி, சுவர் எதுவரை இறங்குகிறது என்று பார்த்த பிறகே ஆட்களை இறக்குங்கள்.

அடுத்தது குறுக்கு உத்திரம். எனக்குத் தெரிந்து கொட்டகை மாற்றத்தில் நடக்கும் மிக மோசமான காரியம் இதை அறுப்பதுதான். கூரையின் எடை கைமரங்கள் வழியாக இறங்கும்போது இரண்டு சுவர்களையும் வெளிப்பக்கம் தள்ளும். அவை விலகாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்த உத்திரம். வைக்கோல் பரணாக இருந்தவரை அதைக் குனிந்து கடந்தார்கள். பரண் படுக்கையறை ஆனதும் நெற்றியில் இடிக்கிறது, "இது ஒண்ணை மட்டும் எடுத்துடலாமே" என்கிறார்கள். அறுத்த அன்று பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் அறுப்பார்கள். நான் பார்க்கப் போன ஒரு கட்டடத்தில் அறுத்த துண்டை இழைத்து, வார்னிஷ் அடித்து, பெஞ்சாகப் போட்டிருந்தார்கள். நல்ல வேலைப்பாடு. நீளச் சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் மேலே அகன்று கீழே குறுகிய விரிசல். மேல்முனையில் என் சுண்டுவிரல் நுழைந்தது. உத்திரத்தை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், அந்த இழுவையைத் தாங்க இரும்புக் கம்பியோ வேறு சட்டமோ கணக்குப் போட்டு முதலில் பொருத்த வேண்டும். ரம்பம் அதற்குப் பிறகுதான்.

மரத்தில் பூச்சி ஓட்டைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழைய மரமென்றால் இருக்கும். கீழே வெளிர் நிறத்தில் புதுப் பொடி கொட்டியிருந்தால்தான் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். உளுத்துப்போவது அதிகமும் சுவருக்குள் நுழையும் முனையில். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை பிடிப்பது அரிது. ஈரத்தை அளக்கச் சின்ன மீட்டர் இருக்கிறது.

கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருந்தால் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். பயிற்சி பெற்றவர்கள் எடுக்கட்டும். வௌவாலோ கூகையோ குடியிருந்தால் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு, கலைக்குமுன் விசாரியுங்கள்.

இதுவரை சொன்னது கட்டடத்துக்கு. தூங்கும் மனிதருக்கு வேறு கணக்கு. கொட்டகை இத்தனை காலம் அழுகாமல் நின்றதில் இடுக்குகளில் புகுந்த காற்றுக்குப் பெரும் பங்கு. நாம் அதையெல்லாம் அடைத்துவிட்டு இரண்டு பேரைத் தூங்க வைக்கிறோம். மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் அவர்கள் விடும் ஈரமே சுமார் அரை லிட்டர். காற்று வெளியேற வழி வைக்காவிட்டால் அது குளிர்ந்த கூரையின் அடியில் நீராகப் படியும்.

தீ விஷயத்தில் கனமான உத்திரங்களை நம்பலாம். மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் வேகத்தில்தான் கரியாகும். அரை மணியில் 2 சென்டிமீட்டர் போனாலும் நடுப்பகுதி நிற்கும். பயம் புகையைப் பற்றித்தான். திறந்த பரணில் அது நேராகக் கட்டிலுக்குப் போகும். தூங்குபவரைப் புகையின் வாசனை எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள். கீழே ஒன்று அலறினால் மேலேயும் அலறும்படி இணைத்த புகை அலாரங்கள், பரணிலிருந்து ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல், விறகடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம். விருந்தாளிக்கு இருட்டில் மாடிப்படி எங்கே என்று தெரியாது, இதை மறந்துவிடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் என்றால் எருக்குழி பக்கத்தில் இருந்ததா என்று கேட்டு, சோதித்துவிடுங்கள். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அறை காலியாகக் கிடக்கும் வாரங்களில் குழாய்களிலும் ஷவரிலும் தேங்கும் வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள். யாரும் தங்காவிட்டாலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து சில நிமிடம் ஓட விடுங்கள். ஷவர் தலையை மட்டும் கழற்றிவிட்டோ, துணி சுற்றியோ திறங்கள், அந்தச் சாரலை மூச்சில் இழுப்பதால்தான் நோய் வருகிறது.